ஒட்டுப் போர்வையும் உறவும்

திருக்கோணமலையின் சிறப்பை எடுத்துரைப்போர் கோணேசர் கோயிலையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும், உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக எண்ணப்படும் ஆழ்கடற் குடாவையும் முதலிற் கூறுவர். அத்துறைமுகத்தைக் கைப்பற்றப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரோடொருவர் பொருத வரலாற்றை அடுத்துக் கூறுவர். கப்பல்களையும் பீரங்கிகளையும் பற்றிய அப்பெருங்கதைக்குள் ஊசியையும் நூலையும் பற்றிய சிறுகதை ஒன்றும் மறைந்து கிடக்கின்றது. வீட்டுப் பெண்கள் துணித் துண்டுகளை இணைத்துத் தங்கள் கைகளாலே தைத்த போர்வைகளின் கதை அது. அக்கதையை அறிந்துகொண்டவர்கள், பேரக் குழந்தைக்கென்று அம்மம்மா பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் கொடுக்கும் சிறு போர்வையையும் வேறு கண்கொண்டு நோக்குவர்.

போர்வைத் தையல் இருவகைப்படும். பல நிறத் துணித் துண்டுகளை அளவாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பெருந்துணியாக இணைப்பது ஒருவகை. பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்குகள் விலகாதபடி ஊடுருவித் தைப்பது மற்றொரு வகை. இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. ஆங்கிலேயர் முன்னதைப் பச்வேர்க் என்றும் பின்னதைக் குவில்ட் என்றும் வழங்குவர். இங்கு இவை யாவற்றையும் ஒட்டுப் போர்வை என்ற ஒரே பெயரால் அழைப்பது வசதியாகும்.

திருக்கோணமலை நகரிலே பழைய ஆங்கிலேய இடுகாடு ஒன்று உண்டு. கடற்படையினர் பலர் துயிலும் அவ்விடத்தில் சாள்ஸ் ஜோன் ஒஸ்டின் என்பவரின் கல்லறையும் இருக்கின்றது. அவர் 1779இற் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதிலே கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தவர். 1850இற் கிழக்கிந்தியக் கடல்களுக்கும் சீனக் கடல்களுக்கும் உரிய பிரித்தானியக் கடற்படையின் தலைமைத் தளபதியானவர். 1852இல் இரண்டாம் பர்மியப் போர் நிகழ்ந்தபோது, ஐராவதி நதியிலே படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற அவர், வாந்திபேதி நோயினால் ஒக்டோபர் 7ஆம் நாள் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. அவருடைய உடல் திருக்கோணமலையில் அடக்கம் செய்யப்பட்டது.

தளபதியின் பெயரை இன்று நினைப்பவர் சிலரே. அவருடைய தமக்கையாரின் பெயரையோ உலகம் முழுவதும் அறியும். ஆங்கில நாவலாசிரியர்களுள் முன்னணியில் வைத்து எண்ணப்படும் ஜேன் ஒஸ்டின் அம்மையாரே அத்தமக்கையார். அவரும், மூத்த சகோதரி கசண்ட்ராவும், தாயாரும் 1809ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சோட்டன் என்னும் சிற்றூரில், மற்றொரு சகோதரர் அளித்த வீட்டில் வாழ்ந்தனர். மூவரும் சேர்ந்து ஒட்டுப் போர்வை ஒன்றைத் தைத்தனர். 1811ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெளியூர் சென்றிருந்த கசண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், போர்வைக்கு வேண்டிய துணித் துண்டுகளைச் சேர்க்க மறக்கவில்லையா என்று ஜேன் வினவுகின்றார். துண்டுகள் தீர்ந்தமையால் வேலை நின்றுவிட்டது என்றும் தெரிவிக்கின்றார். நாவல் எழுதிய அதே கை, துணித் துண்டு வேண்டிக் கடிதமும் எழுதியது.

அப்போர்வை அழியவில்லை. அவர்கள் வாழ்ந்த வீடு 1949 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. போர்வையும் அங்கே பாதுகாக்கப்படுகின்றது. நடுவிலே பூக்கூடை ஒன்றைக் காட்டும் பெரிய சாய்சதுரம். அதனைச் சுற்றிப் பூத்துணிகளால் ஆன நடுத்தர அளவுச் சாய்சதுரங்கள். விளிம்பை நெருங்க நெருங்க மிகச் சிறிய சாய்சதுரங்கள். ஒரே துணியின் துண்டுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒத்து வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. இருக்கும் துண்டுகளை எண்ணிப் பார்த்து, எது எங்கே பொருந்தும் என்று முன்கூட்டியே திட்டமிட்டாலன்றி இவ்வொழுங்கு கைகூடாது. ஒஸ்டின் வீட்டுப் பெண்கள் எதனையும் வீணாக்காத சிக்கனத்தோடு கணக்கறிவும் உடையவர்கள் என்பதற்கு அப்போர்வை சாட்சி.

அவர்கள் கையாண்ட பூத்துணி வகைக்கும் தமிழருக்கும் பழந்தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தார் சீத்தை என்றும் தமிழகத்தார் சீட்டி என்றும் வழங்கும் பூவச்சுப் பருத்தித் துணியின் மீது ஐரோப்பியர்க்கு மோகம் பிறந்ததே சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற கரைகளிலிருந்தும் சென்ற துணிகளைக் கண்ட பின்னர்தான். தம் நாட்டு நெசவாளரைக் காப்பதற்காக ஆங்கிலேயர் 1701இலும் 1721இலும் இத்துணிகளுக்குச் சட்டத்தால் தடை விதித்தனர். 1774இல் அத்தடை நீங்கிய பின் ஆங்கில ஆலைகளே இத்தகைய துணிகளை அச்சிட்டுக் குவித்தன. ஆகவே சோட்டன் வீட்டுப் போர்வையிற் காணும் பூக்களுக்கு மூதாதையரைத் தேடிச் சென்றால், அத்தேடல் நம் கரைகளுக்கே வந்து சேரும்.

அந்தக் குடும்பத்திற் கொடுத்தலும் பெறுதலும் இருபுறமும் நிகழ்ந்தன. 1801இல் இளைஞராக இருந்த சாள்ஸ், பகைவர் கப்பலைப் பிடித்தமைக்காகக் கிடைத்த பங்குப் பணத்தைக் கொண்டு, தமக்கையர் இருவருக்கும் புட்பராகக் கல் பதித்த சிலுவைகளையும் பொற்சங்கிலிகளையும் வாங்கினார். பணத்தை இவ்வாறு செலவிட்டமைக்காக ஜேன் அவரை அன்போடு கடிந்து எழுதினார். பின்னர் சாள்ஸ் அமெரிக்கக் கடற்பகுதியிற் பணிபுரியச் சென்றார். ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் வீட்டாரைக் காணவில்லை. அவர் மனைவி மக்களுடன் திரும்பி வந்தது 1811இல். வீட்டிலே போர்வைக்குத் துண்டு சேர்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டில். தம்பியார் கொடுத்த பொற்சிலுவைகளும் தமக்கையார் தைத்த போர்வையும் இன்று ஒரே வீட்டிற் காட்சிக்குரியனவாக இருக்கின்றன. 

திருக்கோணமலையைத் தொடும் இரண்டாவது போர்வைக் கதை இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்தது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் சிறைப்பட்டனர். ஏறத்தாழ 400 பெண்களும் சிறுவரும் சாங்கிச் சிறைச்சாலையின் ஒரு பகுதியில் அடைக்கப்பட்டனர். ஆடவர் அதே சிறையின் வேறு பகுதியில் அடைக்கப்பட்டனர். படைவீரராய் இருந்தோர் வேறு முகாம்களில் இருந்தனர். ஒரே மதிலுக்குள் வாழ்ந்த கணவனுக்கும் மனைவிக்கும் செய்திப் பரிமாற்றம் தடுக்கப்பட்டிருந்தது. கணவன் உயிரோடிருக்கின்றானா என்று மனைவி அறியாள். குழந்தை நலமாயிருக்கின்றதா என்று தந்தை அறியான்.

கனடாவைச் சேர்ந்தவரும் செஞ்சிலுவைத் தொண்டருமாகிய எதெல் மல்வனி என்னும் அம்மையார் அப்போது ஒரு வழி கண்டார். மருத்துவமனையில் இருக்கும் காயமுற்றோர்க்குப் போர்வை தைத்துக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று சிறையதிகாரிகளைக் கேட்டார். பிரித்தானியர்க்கு ஒன்று, ஆஸ்திரேலியர்க்கு ஒன்று, யப்பானியர்க்கும் ஒன்று என மூன்று போர்வைகள் தைக்கத் திட்டமிடப்பட்டது. யப்பானியர்க்கும் போர்வை உண்டு என்பதனால் அதிகாரிகள் மறுப்பதற்கு இடமில்லாமற் போயிற்று. பெண் ஒவ்வொருத்திக்கும் சிறு சதுரத் துணி ஒன்று கொடுக்கப்பட்டது. தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அதிலே நூலால் எழுத வேண்டும் என்பதே கட்டளை. போர்வை ஒன்றுக்கு 66 சதுரங்கள்.

பெண்கள் பூக்களைத் தைத்தனர். தாய்நாட்டை நினைவூட்டும் சித்திரங்களைத் தைத்தனர். தாங்கள் அடைபட்டிருந்த சிறைக்கூடத்தையே தைத்தோரும் உண்டு. பெரும்பாலோர் தம் பெயரையும் சேர்த்துத் தைத்தனர். காவலர் கண்ணுக்கு அது வெறும் பூவேலை. மருத்துவமனையிற் கிடந்த கணவனுக்கோ, கணவனின் நண்பனுக்கோ அதுவே கடிதம். இன்னாள் உயிரோடிருக்கின்றாள், கை நடுங்காமல் ஊசி பிடிக்கும் நிலையில் இருக்கின்றாள் என்று அப்பெயர் அறிவித்தது. எழுத்தாலான ஓலையைப் பறிக்கலாம், வாய்மொழியைத் தடுக்கலாம். நோயாளிக்குக் கொடுக்கும் போர்வையைத் தடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

அச்சிறையிலேயே மற்றொரு போர்வையும் உருவாயிற்று. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சிறுமியர் ஏறத்தாழ இருபது பேர், தமக்குச் சாரணியர் பயிற்சி அளித்த எலிசபெத் எனிஸ் என்னும் ஆசிரியையின் பிறந்தநாளுக்குப் பரிசளிக்க விரும்பினர். சிறையிலே பரிசு வாங்கக் கடையேது? கிழிந்த ஆடைகளிலிருந்து துண்டுகளைச் சேர்த்து, அறுகோணங்களாக வெட்டி, ஆசிரியை அறியாதபடி போர்வை ஒன்றைத் தைத்தனர். அது இன்று இலண்டன் நகரிலுள்ள போர் அருங்காட்சியகத்தின் உடைமை. பெரியோர் தைத்த மூன்றினுள் ஒன்றைப் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கமும், ஏனைய இரண்டையும் கன்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் பாதுகாத்து வருகின்றன.

இக்கதைக்கும் திருக்கோணமலைக்கும் என்ன தொடர்பு? சிங்கப்பூர் வீழ்ந்ததும் இந்து சமுத்திரத்திற் பிரித்தானியர்க்கு எஞ்சிய பெருந்துறைகளுள் திருக்கோணமலை முதன்மை பெற்றது. அதனாலேயே 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. அன்று நகர மக்கள் பலர் உடுத்த உடையோடும் கையிலெடுத்த துணிமூட்டையோடும் ஊரை விட்டு அகன்றனர். மூன்றாண்டுகளுக்குப் பின் யப்பான் பணிந்தபோது, சிங்கப்பூரை மீட்கும் படை 1945 ஓகஸ்ட் 31ஆம் நாள் திருக்கோணமலையிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் கப்பலேறிற்று. செப்டெம்பர் 4ஆம் நாள் அது சிங்கப்பூரை அடைந்தது. போர்வை தைத்த பெண்கள் அதற்கு முன்பே, 1944இல், சாங்கியிலிருந்து வேறொரு முகாமுக்கு மாற்றப்பட்டிருந்தனர். துணியில் மட்டுமே பெயரைக் கண்டவர்களுட் சிலர் அந்தச் செப்டெம்பரில் ஒருவரையொருவர் நேரிற் கண்டனர். வேறு சிலர்க்கு அந்த நூற்பெயர் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை.

அதே 1942இல், போர்க்களங்களுக்கு வெகு தொலைவில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலும் ஒரு போர்வை தைக்கப்பட்டது. கீஸ் பென்ட் என்னும் ஊரில், அடிமைகளாய் வாழ்ந்தோரின் வழிவந்த கறுப்பின உழவர்கள் வறுமையில் வாழ்ந்தனர். அவ்வூரைச் சேர்ந்த மிசூரி பெட்வே என்பவர் கணவரை இழந்தார். வயலிலே உழைத்த கணவரின் பழைய உடைகளை எடுத்து, அவற்றையே துண்டுகளாக்கிப் போர்வை தைத்தார். அவரை நினைந்து, அவருடைய அன்பைப் போர்த்திக்கொள்ளவே அதனைத் தைத்ததாக அவர் மகள் பிற்காலத்திற் கூறினார். முழங்கால் தேய்ந்த இடமும், வெயிலால் வெளுத்த இடமும் அப்போர்வையில் இன்னும் தெரிகின்றன. புதுத்துணியால் இதனைச் செய்திருக்க இயலாது.

பழந்துணிக்கு இத்தகைய மதிப்பளிப்பது நம் நாடுகளுக்குப் புதிதன்று. வங்காளத்துக் காந்தா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உடுத்துப் பழகி மென்மையடைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவியெடுத்து, சிறு சிறு ஓட்டுத் தையலால் வங்கப் பெண்கள் அவற்றை அணிசெய்வர். பிறக்கப்போகும் குழந்தைக்கும், மருமகனுக்கும், தூரதேசம் செல்லும் மகனுக்கும் அதனைக் கொடுப்பது வழக்கம். காந்தா என்ற பெயரும் நம் கந்தை என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரின. கிழிந்த துணி என்பதே பொருள். நாம் இகழ்ச்சியாகச் சொல்லும் சொல்லை வங்காளத்தார் தம் பெருமைக்குரிய கைவினைக்குப் பெயராக வைத்துக்கொண்டனர்.

குருசதய் தத்தர் என்னும் அறிஞர் திரட்டிய கைவினைப் பொருள்களுக்கெனக் கொல்கத்தாவின் புறத்தே அருங்காட்சியகம் ஒன்று அமைந்தது. அதிலுள்ள புகழ்பெற்ற காந்தா ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மானதசுந்தரி என்னும் பெண் தன் தந்தையாருக்காக அதனைத் தைத்தாள். தைத்தது இன்னாள், தைத்தது தந்தைக்காக என்பதையும் அவள் நூலாலே அதில் எழுதிவைத்தாள். அக்காலத்து வங்காளத்திலே காந்தா தைத்த பெண்கள் எண்ணிலர். அவர்களுள் பெயர் அறியப்பட்டவர் மிகச் சிலர். மானதசுந்தரியை இன்று பெயர் சொல்லி அழைக்க முடிகின்றதென்றால், காரணம் அவள் தைத்த அந்த ஒரு வரியே.

இலங்கையிலும் ஒட்டுத் துணிக்கு உயர்ந்த இடம் உண்டு. பௌத்த துறவியரின் சீவர ஆடை ஒரே துணியாக இருத்தல் ஆகாது. துண்டுகளாக வெட்டி, மீண்டும் இணைத்துத் தைத்தல் வேண்டும். மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் போல அதனை அமைக்கும்படி புத்தர் கூற, ஆனந்தர் அவ்வாறே அமைத்தார் என்பது பௌத்த நூல்கள் தரும் செய்தி. மழைக்காலத் தவம் முடிந்தபின் விகாரைகளிற் கட்டின பூசை நடைபெறும்போது, துணியை வெட்டித் தைத்துச் சாயமிடும் வேலை முழுவதும் ஒரே நாளில் முடிவுற வேண்டும். கொடுப்பதற்குரிய துணி பல கைகள் கூடி உழைத்த துணியாய் இருக்க வேண்டும் என்ற எண்ணம் திருக்கோணமலைத் தமிழர் தம் அயலவரிடத்தும் ஆண்டுதோறும் காண்பதொன்றாகும்.

தமிழர் வீடுகளில் இப்பழக்கம் ஓசையின்றி நிலவி வருகின்றது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிற் கிடத்தாமல், பலமுறை துவைத்து மென்மையடைந்த பழஞ்சேலையிற் கிடத்துவர். ஏணை கட்டுவதும் சேலையாலேயே. கிழியும் நிலையடைந்த சேலைகளை மடித்து, நான்கு ஓரமும் தைத்து, குழந்தைக்கு விரிப்பாக்குவாள் பாட்டி. துறைமுகப் பகுதியின் வெப்பத்துக்குத் தடித்த கம்பளி வேண்டுவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெல்லிய விரிப்பே போதும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரவுகளிலும் மூன்று நான்கு அடுக்குப் பருத்தித் துணி குளிரைத் தாங்கும். தையற்காரர் கடைகளில் விழும் வெட்டுத்துணிகளும் இவ்வேலைக்கு உதவும். தச்சுக்கும் தையலுக்கும் பெயர்பெற்ற பறங்கியர் சமூகம் பாலையூற்றில் வாழ்வதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஆயினும் இவ்வீட்டுப் போர்வைகளைப் பற்றி எவரும் எழுதிவைப்பதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26இற் பொங்கியெழுந்த ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றை வீடிழக்கச் செய்தன. புகைப்படங்கள் அழிந்தன, உறுதிப் பத்திரங்கள் அழிந்தன, அவற்றோடு பாட்டிமார் தைத்த போர்வைகளும் அழிந்தன. மக்களும் உறவினரும் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினர். இன்று அங்கே பிறக்கும் குழந்தைக்கு இங்குள்ள அம்மம்மாவோ அப்பம்மாவோ எதை அனுப்புவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. அங்கே கடைகளில் கிடைக்காத பொருள் இங்கே அரிது. ஆனால் தாயும் பாட்டியும் உடுத்த சேலைகளால் தைத்த போர்வையை எந்த நாட்டுக் கடையிலும் வாங்க இயலாது.

அதனைத் தைப்பது கடினமான வித்தையன்று. பொறுமை ஒன்றே வேண்டும். முதலில் ஒரே கனமுள்ள பருத்திச் சேலைகளைத் தேர்தல் வேண்டும். சரிகைக் கரையும் பித்தானும் மணியும் குழந்தையின் தோலை உறுத்தும். அவற்றை நீக்கிவிடுதல் நன்று. பருத்தியல்லாத செயற்கை நூலாடை வியர்வையை உறிஞ்சாது. புதுத்துணி சேர்ப்பதாயின் முன்னரே நனைத்துக் காயவைத்தல் அவசியம்; இல்லையேல் முதற் சலவையில் அது சுருங்கி, பழந்துணியைச் சுருக்கி இழுக்கும். நிறத் துணியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

ஆறு யார்ச் சேலை பதினெட்டு அடி நீளமுடையது. அதனை நான்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் நாலரை அடி நீளமாகும். நான்கையும் பாயின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீங்கத் தடவி, மூலைகளிற் பாரம் வைத்தல் வேண்டும். பின்னர் நீண்ட தளர் தையலால் அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிணைத்தல் வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் சென்றால் சுருக்கம் வெளியே தள்ளப்படும். அதன்பின் ஓர் அங்குல இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல் இட்டு, தளர் தையலைப் பிரித்துவிடலாம். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே ஏற்றது. வலிய செயற்கை நூல் நாளடைவில் பழந்துணியை அறுத்துவிடும். சேலையின் கரையையே நான்கு விளிம்புக்கும் மடித்துத் தைத்தால் வலிமையும் அழகும் சேரும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சேலையின் அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் 45 வரிகள். ஒவ்வொரு வரியும் 54 அங்குல நீளம். அங்குலத்துக்கு நான்கு தையல் வீதம் வரி ஒன்றுக்கு 216 தையல். போர்வை முழுவதற்கும் 9,720 தையல். ஒவ்வொரு தையலின்போதும் ஊசி கீழே இறங்கி மேலே வருகின்றது. ஏறத்தாழ பத்தாயிரம் முறை அக்குழந்தையை நினைத்து ஒருவர் கையசைத்திருக்கின்றார் என்பதே அப்போர்வையின் பொருள். தையற்பொறி அரைநாளில் இதனை முடித்துவிடும், அதுவும் தவறன்று. முழங்கையில் வலியுள்ள முதியவர் வரிகளைப் பொறியில் ஓட்டிவிட்டு, விளிம்பை மட்டும் கையால் தைத்தாலும் போதும்.

வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பார்த்தல் கட்டாயம். ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வையை மேலே இடலாகாது என்று இக்கால மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். ஆகவே அப்பருவத்தில், குழந்தை விழித்திருந்து தவழும் வேளையில் தரையிலே விரிப்பதற்கே அதனைப் பயன்படுத்துவது நலம், வளர்ந்தபின் போர்த்தலாம். உப்புக் காற்று வீசும் ஊர்களில் மழைக்காலத்திற் பூஞ்சணம் பற்றும். வெயில் கிடைக்கும் நாளில் உலர்த்தி, வேப்பிலையோடு மடித்து வைத்தால் நெடுங்காலம் நிலைக்கும். பெட்டியிற் பூட்டி வைப்பதற்கென்று மட்டும் எவரும் போர்வை தைப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. தேயத் தேய மென்மையடைவதே அதன் இயல்பு.

எல்லாவற்றிலும் முதன்மையான வேலை ஒன்று எஞ்சியிருக்கின்றது. பெரும்பாலான வீடுகளில் அதுவே விடுபட்டுப் போகின்றது. போர்வையின் மூலையிலே பெயரைத் தைத்தல் வேண்டும். முதலிற் பென்சிலால் எழுதி, அதன்மேல் சங்கிலித் தையல் இட்டால் எழுத்து அழியாது. தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார், யார் யாருடைய சேலைகள் அதில் உள்ளன, ஊர் எது, ஆண்டு எது என்னும் ஐந்து செய்திகள் போதும். இதற்கு ஒரு பிற்பகல் வேண்டும், அவ்வளவே.

தற்பெருமையாகும் என்று நாணி, இதனைச் செய்யாது விடுவோர் பலர். அவர்கள் சாங்கிச் சிறைப் பெண்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பெயர் இல்லாவிடின் அச்சதுரங்கள் யாருக்கும் எந்தச் செய்தியையும் சொல்லியிரா. ஜேன் ஒஸ்டின் துண்டு கேட்டு எழுதிய அந்த ஒரு வரி கிடைத்திராவிட்டால், சோட்டன் போர்வையைத் தைத்த காலத்தை இவ்வளவு உறுதியோடு சொல்ல இயலாது. தந்தையின் நினைவோடு தன் பெயரையும் எழுதிய மானதசுந்தரியைத் தற்பெருமைக்காரி என்று எவரும் கூறுவதில்லை. பெயரை எழுதுவது பெறுபவருக்குச் செய்யும் உதவி. தன்னைப் போர்த்தியவர் யார் என்று அறியும் உரிமை, பேசத் தெரியாத பருவத்தில் பரிசு பெற்ற பேரப்பிள்ளைக்கு உண்டன்றோ?

ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ வளரும் பிள்ளை ஒருநாள் அந்த மூலையைத் தடவிப் பார்க்கும். நீலத் துண்டு அம்மாவின் பள்ளிக்கூட நாட்சேலை, பச்சைத் துண்டு அம்மம்மா கோணேசர் கோயிலுக்கு உடுத்துச் சென்றது என்று தாய் விளக்குவாள். தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளையாயின், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு அதுவே முதற்பாடமும் ஆகலாம். தாய் தந்தையரின் ஊர்ப்பெயரை அது வரைபடத்திற் காணுமுன் போர்வையிற் கண்டிருக்கும்.

தளபதி ஒஸ்டினின் கல்லறைமீது அவருடைய பெயரைக் கல்லிலே பொறித்தனர். துறைமுக வரலாற்று நூல்கள் கப்பல்களின் பெயர்களையும் படைத்தலைவர்களின் பெயர்களையும் வரிசையாகக் கூறுகின்றன. அத்துறைமுகத்தைச் சூழ்ந்த வீடுகளிலே இரவு விளக்கின் முன் அமர்ந்து, மக்களுக்கும் பேரருக்கும் போர்வை தைத்த பெண்களின் பெயரை எந்த நூலும் கூறவில்லை. இனி வருவோர் கூறுவார்கள் என்று காத்திருத்தல் வேண்டா. வெளுத்துப் போன சேலை ஒன்றும், ஊசி ஒன்றும், வண்ண நூல் சிறிதும் கைவசம் உள்ள எவரும் அவ்வேலையை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.